வாய்பாடும் மொழியும்: புனே எண்பெயர் விவாதமும் தமிழ் எண்சுவடியும்

2019ஆம் ஆண்டு சூன் திங்களில், கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறந்த வேளையில், மராட்டிய மாநிலத்தில் எண்பெயர்களைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. புனே நகரில் சேனாபதி பாபட் சாலையில் இயங்கும் மாநிலப் பாடநூல் நிறுவனம் 1967இல் தொடங்கப்பட்டது. 'பாலபாரதி' என்னும் பெயரால் மக்களிடையே அறியப்படுவது. அந்நிறுவனத்தின் இரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல், இருபத்தொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையிலான எண்களைப் படிக்கப் புதியதொரு முறையை முன்வைத்தது. மராத்தியில் இருபத்தொன்றினை 'ஏக்வீஸ்' என்பர். அதாவது 'ஒன்று இருபது'. இதனை 'வீஸ் ஏக்' எனவும், இருபத்திரண்டைக் குறிக்கும் 'பாவீஸ்' என்பதனை 'வீஸ் தோன்' எனவும் படிக்கலாம் என்பது புதிய முறை.

இதற்குக் கூறப்பட்ட காரணங்கள் இரண்டு. எழுதும்போது பத்தின் இலக்கம் முன்னும் ஒன்றின் இலக்கம் பின்னும் நிற்க, சொல்லும்போது ஒன்று முன்னும் பத்து பின்னும் வருவதால், 'பஞ்ச்வீஸ்' எனக் கேட்ட குழந்தை 25 என எழுதாமல் 52 என எழுதிவிடுகிறது என்பது ஒன்று. 'ஏக்க்யாண்ணவ்', 'த்ர்யாண்ணவ்' போன்ற பெயர்களிலுள்ள கூட்டெழுத்துகள் ஏழு வயதுக் குழந்தையின் நாவுக்குக் கடினமானவை என்பது மற்றொன்று. நிறுவனத்தின் கணிதக் குழுவிற்குத் தலைமை வகித்தவர் கணித அறிஞர் மங்களா நார்ளீகர் (1943–2023). தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய தென்னக மொழிகளில் எண்களை எழுதும் வரிசையிலேயே சொல்லும் வழக்கம் இருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். பழைய முறை நீக்கப்படவில்லை, இரண்டும் இருக்கும் என்ற விளக்கமும் தரப்பட்டது. ஆயினும் எதிர்ப்பு அடங்கவில்லை. சட்டப்பேரவையில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், முதலமைச்சரின் குடும்பப் பெயராகிய 'பட்னவீஸ்' என்பதன் ஈற்றிலுள்ள 'வீஸ்' என்பதை இருபதாகக் கொண்டு 'பட்ன தோன் சூன்ய' எனப் படிக்க வேண்டுமோ என நகையாடினார். அப்பெயரின் ஈறு பாரசீகத்தில் 'எழுதுபவர்' எனப் பொருள்படும் 'நவீஸ்' என்பதாகும். கணக்குப் பதிவேடுகளை எழுதிய அலுவலரின் பதவிப் பெயர் அது. எண் பற்றிய நகைச்சுவைக்குக் கணக்கரின் பெயரே இலக்கானது தற்செயல் எனினும் பொருத்தமானது.

தமிழ்நாட்டில் இச்செய்தி அன்று படிக்கப்பட்டு, மறுநாள் மறக்கப்பட்டது. ஒரு பிறமொழிப் பாடநூல் தமிழ் எண்முறையை முன்மாதிரியாகச் சுட்டியதில் பெருமிதம் கொண்டோர் சிலர். ஆனால் அங்கு எழுந்த அடிப்படைக் கேள்வி தமிழாய்வு உலகைச் சேர்ந்தது. எண்ணின் மடங்குகளைக் கற்பது கணிதக் கல்வியா, மொழிக் கல்வியா? தமிழ் எண்சுவடியை மராத்தி வாய்பாட்டோடு ஒருங்கு வைத்து நோக்கும்போது, அது முதலில் ஒரு மொழி நூல் என்பதும், அதனைக் கணிதச் சுவடி என ஒதுக்கியதால் இலக்கண ஆய்வு ஒரு சான்றுக் களத்தை இழந்தது என்பதும் புலனாகின்றன. அதனை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

பாடே

மராத்தியில் பெருக்கல் வாய்பாட்டின் பெயர் 'பாடா', பன்மையில் 'பாடே'. 'பாட' என்னும் வடசொல்லின் வழிவந்தது. இரண்டாம் வாய்பாடு இவ்வாறு ஒலிக்கும்: 'பே ஏகே பே, பே துணே சார், பே த்ரிக் ஸஹா, பே சோக் ஆட், பே பஞ்சே தஹா'. புனேயின் பழைய குடியிருப்புகளில் விளக்கு வைக்கும் நேரத்தில் இவ்வோசை இன்றும் கேட்கிறது. இதில் மொழியாய்வாளரை முதலில் தடுத்து நிறுத்துவது 'பே' என்னும் சொல். மராத்தியில் இரண்டு என்பதற்குரிய சொல் 'தோன்'. கடையில் இரண்டு பழம் கேட்பவர் 'தோன்' என்றே கேட்பார். 'பே' என்பது அண்டை மொழியாகிய குசராத்தியில் இன்றும் இரண்டினைக் குறிக்கும் சொல். மராத்தியில் வாய்பாட்டிற்குள் மட்டும் தங்கிவிட்டது. பேச்சில் வழக்கிழந்த சொல்லை ஏழு வயதுக் குழந்தை நாள்தோறும் நூறு முறை சொல்கிறது. அது பழஞ்சொல் என அக்குழந்தைக்கும் தெரியாது, கற்பிப்பவருக்கும் பெரும்பாலும் தெரியாது.

அடுத்துக் கருதத்தக்கது பெருக்கும் எண்ணின் வடிவம். 'துணே', 'த்ரிக்', 'சோக்', 'பஞ்சே', 'ஸாத்தே', 'ஆட்டே' என்பன வெறும் எண்பெயர்கள் அல்ல. 'துணே' என்பது 'இருமடங்கு' எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. 'த்ரிக்', 'சோக்' என்பன மூன்றன் தொகுதி, நான்கன் தொகுதி என்னும் பொருளுடையன. எந்த எண்ணின் வாய்பாடாயினும் அவ்வெண் முன்னே மாறாது நிற்க, பெருக்கும் எண் பின்னே தனி உருவம் பூண்டு வருகிறது.

நூறினைக் கடந்த பெயர்களும் குறிப்பிடத்தக்கவை. பன்னிரண்டாம் வாய்பாட்டில் ஒன்பதாம் அடிக்குரிய விடை 108. இதனைப் பழைய முறையில் 'அட்டோதர்ஷே' என்பர். 'எட்டு மேற்பட்ட நூறு' என்பது பொருள். 110 'தாஹோதர்ஷே'. ஆக, சிற்றெண் முன்னும் பேரெண் பின்னும் வரும் முறை நூறுக்கு மேலும் தொடர்கிறது. மராத்தி மாணவர் முப்பதாம் வாய்பாடு வரை மனனம் செய்வது மரபாதலால், இப்பெயர்கள் யாவும் ஓசைக் கட்டமைப்பின் உறுப்புகளாகிவிட்டன. 'தேரா ஸாத்தே ஏக்க்யாண்ணவ்' என்பது பதின்மூன்றை ஏழால் பெருக்கும் அடி. இதில் விடை ஒரே சொல். 'நவ்வத் ஏக்' என விடையை இரு சொல்லாக்கினால் அடியின் நடை மாறும்; மூன்று சீராக நின்றது நான்காகும். புனேயில் எழுந்த எதிர்ப்பை வெறும் பழமைப் பற்று எனத் தள்ளிவிட இயலாமைக்குக் காரணம் இதுவே. பாடநூல் குழு எண்பெயரைத் தனிச்சொல்லாகக் கண்டது; எதிர்த்தவர்கள், தாம் அதனை உணர்ந்து கூறினாலும் கூறாவிட்டாலும், அப்பெயரை வாய்பாட்டு அடியின் ஈற்றுச்சீராகக் கேட்டுப் பழகியவர்கள்.

'வாய்பாடு' என்னும் சொல்

தமிழில் பெருக்கல் அட்டவணையைக் குறிக்க வழங்கும் 'வாய்பாடு' என்னும் சொல்லே யாப்பிலும் இலக்கணத்திலும் வழங்குகிறது. தேமா, புளிமா என்பன சீர் வாய்பாடுகள். நாள், மலர், காசு, பிறப்பு என்பன வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகள். 'செய்து' என்பது வினையெச்ச வாய்பாடு. மூன்றிடத்தும் சொல்லின் பொருள் ஒன்றே: வாயால் சொல்லிப் பழகி, பின்னர் எதன்மேலும் பொருத்திப் பார்க்கத்தக்க அச்சு. 'தேமா' எனச் சொல்பவர் மாமரத்தை நினைப்பதில்லை; அதுபோலவே 'மூவேழு' எனச் சொல்பவர் எந்தப் பொருளையும் எண்ணிப் பார்ப்பதில்லை. தமிழ் மரபு இவை மூன்றையும் ஒரே பெயரால் வழங்கியது. நம் பல்கலைக்கழகத் துறைகள் இரண்டைத் தமிழுக்கும் ஒன்றைக் கணிதத்துக்கும் பிரித்துக் கொடுத்தன.

தமிழ் வாய்பாட்டின் அடி 'ஓரிரண்டு இரண்டு, ஈரிரண்டு நான்கு, மூவிரண்டு ஆறு' என அமையும். மராத்திக்கு மாறாக, பெருக்கும் எண் முன்னே வருகிறது. பெருக்கப்படும் எண் பின்னே நிற்கிறது. தமிழில் அடைமொழி பெயருக்கு முன்னே வருவது இயல்பாதலின் இவ்வமைப்பு தோன்றிற்று எனலாம். ஆனால் இரு மொழிக்கும் பொதுவான கூறு ஒன்று உண்டு. மராத்தியில் பெருக்கும் எண் பின்னே நின்று தனி வடிவம் பெறுவது போலவே, தமிழிலும் பெருக்கும் எண்ணே ஓர், ஈர், மூ, நால், ஐ, எண் எனத் தன் பெயரெச்ச வடிவத்தைப் பெறுகிறது. எவ்வெண் செயல் புரிகிறது, எவ்வெண் செயலுக்கு உட்படுகிறது என்பதை இரு மொழிகளும் சொல்லின் உருவத்தாலேயே வேறுபடுத்திவிடுகின்றன. பேச்சில் 'ரெண்டு', 'மூணு', 'அஞ்சு' எனச் சொல்லும் குழந்தை வாய்பாட்டில் 'ஈர்', 'மூ', 'ஐ' எனப் பழைய அடிகளைச் சொல்கிறது. மராத்திக் குழந்தையின் 'பே' போன்றதே இதுவும்.

இவ்வடிவங்கள் இலக்கண நூல்களுக்குப் புதியன அல்ல. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் இறுதி இயலாகிய குற்றியலுகரப் புணரியலின் பெரும்பகுதி எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள் பத்தோடும் நூறோடும் ஆயிரத்தோடும் அளவுப்பெயர், நிறைப்பெயர்களோடும் சேரும் முறைகள் அங்கு ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. நன்னூல் உயிரீற்றுப் புணரியலிலும் இப்பகுதி உண்டு. வகுப்பறையில் இந்நூற்பாக்களைக் கற்பிக்கும் நாம், இவற்றைத் திரிபு விதிகளாக மட்டுமே கற்பிக்கிறோம். அவற்றினுள் பெருக்கலுக்கும் கூட்டலுக்கும் உள்ள வேறுபாடு புணர்ச்சியால் காட்டப்படுவதை எடுத்துரைப்பதில்லை.

'முப்பது' என்பதில் சிற்றெண் முன்னே வருகிறது, அது பெருக்கல். 'பதின்மூன்று' என்பதில் பேரெண் முன்னே வருகிறது, அது கூட்டல். பேரெண் முன்னே வந்தும் பெருக்கலாக வேண்டுமாயின் சாரியை மாறுகிறது. 'பதினொன்று' என்பதில் 'இன்' சாரியை நிற்கக் கூட்டலாயிற்று. 'பதிற்றுப்பத்து' என்பதில் 'இற்று' நிற்கப் பெருக்கலாயிற்று. எட்டுத்தொகையுள் ஒன்றின் பெயர் பத்தாம் வாய்பாட்டின் இறுதி அடியாகவே அமைந்துள்ளது. 'ஐங்குறுநூறு' என்பதில் ஐந்து குறுநூறுகள் அடங்கும். ஆகவே பாடல்கள் ஐந்நூறு. 'நாலடி நானூறு' என்பதும் அத்தகையதே. 'முத்தொள்ளாயிரம்' என்னும் பெயர் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மூவேந்தருக்கும் சேர்த்துத் தொள்ளாயிரமா, ஒவ்வொருவருக்கும் தொள்ளாயிரமாக இரண்டாயிரத்து எழுநூறா என்பது வினா. புணர்ச்சி வடிவத்தை மட்டும் நோக்கின், 'மூ' என்பது பெருக்கும் எண்ணாக முன்னிற்றலின், இரண்டாயிரத்து எழுநூறு என்பதற்கே வாய்பாட்டு மரபு துணை செய்கிறது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. கிடைத்துள்ள வெண்பாக்கள் நூற்றுக்குச் சற்று மேற்பட்டனவே ஆதலின், நூலைக் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது.

தென்னக மொழிகளில் எண்ணும் சொல்லும் ஒரே வரிசையில் செல்வதாக நார்ளீகர் கூறியது பொதுவாக உண்மையே. ஆயினும் தமிழ் முற்றிலும் நேர்கோட்டு முறை அன்று. எண்பதைக் கடந்த குழந்தை 'ஒன்பஃது' என எதிர்பார்க்கும் இடத்தில் நூற்றின் பெயர் தாங்கிய 'தொண்ணூறு' வருகிறது. எண்ணூற்றைக் கடந்தபின் ஆயிரத்தின் பெயர் தாங்கிய 'தொள்ளாயிரம்' வருகிறது. தொல்காப்பியர் இவ்விரண்டிற்கும் தனித்தனி விதி கூற வேண்டியிருந்தது. ஒன்பதைக் குறிக்கும் 'தொண்டு' என்னும் பழஞ்சொல்லை அவரே செய்யுளியலில் ஆள்கிறார். 'ஒன்பது' என்பதே பத்தில் ஒன்று குறைந்தது என்னும் பொருளுடையது எனக் கருதுவோரும் உளர். அக்கருத்து ஏற்கத்தக்கதாயின், மராத்தியில் 'ஏகோண்தீஸ்' (ஒன்று குறைந்த முப்பது, 29), 'ஏகோண்சாளீஸ்' (ஒன்று குறைந்த நாற்பது, 39) என வரும் குறைத்துச் சொல்லும் முறைக்குத் தமிழில் ஒன்பதாமிடத்தில் மட்டும் ஓர் இணை கிடைக்கிறது. பாடநூல் குழுவினர் தமிழை முன்மாதிரியாகக் காட்டியபோது இம்மேடுபள்ளங்களை எடுத்துச் சொல்லத் தமிழ்த் துறைகளிலிருந்து குரல் எழுந்ததாகத் தெரியவில்லை. எழுந்திருக்க வேண்டும்.

திண்ணையும் களமும்

தாமஸ் மன்றோ சென்னை மாகாணத்துக் கல்வி நிலையை அறிய 1822இல் ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளின் அடிப்படையில் 1826இல் அவர் எழுதிய குறிப்பு, 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவரும் இருந்ததாகக் கூறுகிறது. இவற்றுள் தமிழ்ப் பகுதியிலிருந்த திண்ணைப் பள்ளிகளில் மணலிலும் பின் ஓலையிலும் எழுத்து கற்றபின் மாணவன் கற்றது எண்சுவடி. முதிர்ந்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, ஏனையோர் திருப்பிச் சொல்வர். அத்தகைய உள்நாட்டுப் பள்ளிகளின் முறையைக் கண்டே சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் பள்ளியில் ஆண்ட்ரூ பெல் மாணவரைக் கொண்டு மாணவருக்குக் கற்பிக்கும் முறையை வகுத்து, 1797இல் நூலாக எழுதினார் என்பது கல்வி வரலாற்றில் நன்கறியப்பட்டது. ஆனால் சட்டாம்பிள்ளை எதனைச் சொல்லிக் கொடுத்தான் என்பது அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இத்துறையில் அண்மைக்காலத்தில் விரிவாக உழைத்தவர் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு. 2022இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், திண்ணைப் பள்ளிக் கணக்கை ஊரின் உழைப்போடும் அதிகாரத்தோடும் இணைத்துக் காண்கிறது. அவர் சமூக வரலாற்று நோக்கில் திறந்த வாயிலை மொழி நோக்கிலும் திறக்க இயலும்.

திண்ணைப் பள்ளி மாணவன் கற்றவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என வகைப்படும். பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கற்பிப்பது, நெல்லிலக்கம் முகத்தலளவைக்குரியது, குழிமாற்று நிலத்தின் பரப்பைக் காண உதவும் வர்க்க வாய்பாடு. நெல்லிலக்கத்தில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம் எனப் படிகள் ஏறும். ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்திற்கு 96 நாழி.

இங்குப் பெருக்கலின் தன்மை மாறிவிடுவதைக் காணலாம். 'மூவேழு இருபத்தொன்று' என்பதோடு களத்தில் கணக்கு முடிவதில்லை. ஏழு நாழி கொண்ட மூன்று கூலியை அளப்பவன் 'இருபத்தொரு நாழி' எனச் சொல்லான். 'பதக்கு ஐந்நாழி' என்பான். பதக்கு பதினாறு நாழி, எஞ்சியது ஐந்து. ஆகவே மாணவன் மடங்கினைக் கற்ற அதே மூச்சில் அதனை அளவையின் படிகளாக மாற்றவும் கற்றான்.

இப்பின்புலத்தில் தொல்காப்பியத்தின் சில நூற்பாக்கள் வேறு ஒளியில் தெரிகின்றன. அளவுப்பெயரும் நிறைப்பெயரும் எவ்வெவ்வெழுத்தில் தொடங்கும் என்பதைத் தொகைமரபு எண்ணிக் கூறுகிறது. தூணியும் பதக்கும் சேர்ந்து 'தூணிப்பதக்கு' ஆவதற்கும், நாழியும் உரியும் சேர்ந்து 'நாடுரி' ஆவதற்கும் தனி விதிகள் உண்டு. ஒன்றரை நாழியைக் குறிக்கும் ஒரு சொல்லுக்கு இலக்கண ஆசிரியர் ஒரு நூற்பாவைச் செலவிடுவானேன்? உரையாசிரியர்கள் இதனை விதிவிலக்கு என்று கொண்டு எடுத்துக்காட்டுத் தந்து கடந்து செல்வர். நெல்லிலக்கத்தைச் சொல்லிப் பார்த்தவர்க்கு இவ்வினா எழாது. களத்தில் நாள்தோறும் ஓயாது ஒலித்த சொல் தேய்ந்து ஒன்றியிருக்கிறது. இலக்கணம் அத்தேய்வைப் பதிந்திருக்கிறது. நாழியும் உரியும் எத்துணை முறை சேர்த்துச் சொல்லப்பட்டிருந்தால் ழகரம் டகரமாகும் என எண்ணிப் பார்க்கலாம்.

கீழ்வாய் இலக்கம்

பின்ன வாய்பாட்டில் இரு மொழிகளும் மிக நெருங்கி வருகின்றன. விலகும் இடமும் அதுவே. மராத்தி மரபில் முழு எண்களின் பாடே முடிந்ததும் பாவ்கீ (கால்), நிம்கீ (அரை), பாவுண்கீ (முக்கால்), ஸவாய்கீ (ஒன்றேகால்), தீட்கீ (ஒன்றரை), அடீச்கீ (இரண்டரை), அவுட்கீ (மூன்றரை) எனப் பின்ன வாய்பாடுகள் தொடரும். 1831இல் முதற்பதிப்பும் 1857இல் இரண்டாம் பதிப்பும் கண்ட மோல்ஸ்வர்த்தின் மராத்தி அகராதியில் இவ்வகைப் பெயர்கள் தலைச்சொற்களாக இடம்பெற்றுள்ளன. பதினாறு அணா கொண்ட ரூபாயில் வணிகம் செய்தவர்க்கு இவை அன்றாடத் தேவை.

இப்பெயர்களின் பிறப்பு நோக்கத்தக்கது. 'பாவுண்' என்பது 'கால் குறைந்தது' எனப் பொருள்படும் வடசொல்லின் சிதைவு. 'அடீச்' என்பதன் மூலம் 'அரை மூன்றாவது'. மூன்றாவது அரைப்பங்காக வந்தது, ஆகவே இரண்டரை. 'அவுட்' என்பதன் மூலம் 'அரை நான்காவது', மூன்றரை. அடுத்த முழு எண்ணை நோக்கி நின்று குறையைச் சொல்லும் முறை இது. இன்றும் புனேயில் ஒன்றே முக்கால் மணியை 'பாவ்ணே தோன்', அதாவது 'கால் குறைந்த இரண்டு', என்பர். தமிழோ 'முக்கால்' என்கிறது. மூன்று கால், மறுபடியும் பெருக்கல். 'ஒன்றே முக்கால்' என்பதில் முழு எண் முன்னே நின்று கூட்டல் தருகிறது. மராத்தி குறைத்துச் சொல்லும் இடத்திலும் தமிழ் பெருக்கியும் கூட்டியுமே சொல்கிறது.

தமிழ்க் கீழ்வாய் இலக்கத்தில் இவ்வியல்பு நுட்பமாக வெளிப்படுகிறது. அரை, கால், அரைக்கால் எனப் பாதி பாதியாக இறங்கும் வரிசை ஒன்று. இருபதில் ஒன்றாகிய மா, நாற்பதில் ஒன்றாகிய அரைமா, எண்பதில் ஒன்றாகிய காணி என இறங்கும் வரிசை மற்றொன்று. பாதி வரிசையின் நான்காம் படி பதினாறில் ஒன்று. அதன் பெயர் வீசம் எனவும் 'மாகாணி' எனவும் வழங்கும். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் கூட்ட எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. பெயரே கணக்கின் விடையாக இருக்கிறது. இரு வரிசைகளும் கலக்கும் அடித்தளம் முந்திரி, 320இல் ஒன்று. மாகாணியை மாவால் பெருக்கக் கிடைப்பது. அதற்கும் கீழே செல்ல, 'கீழ்' என்னும் அடைமொழி சேர்த்து ஒவ்வொரு பின்னத்தையும் 320ஆல் வகுத்தனர். மாவை மாவால் பெருக்கினால் 400இல் ஒன்று. இது முந்திரியிலும் சிறிது. முந்திரியின் ஐந்தில் நான்கு பங்கு. ஐந்தில் நான்கு என்பது முக்காலும் ஒரு மாவும் ஆதலால் விடை 'கீழ் முக்காலே ஒருமா' எனச் சொல்லப்பட வேண்டும். இதனைத் தாளில் எழுதிக் காண்பவருக்கே சிறிது நேரம் பிடிக்கிறது. வாய்பாடாக மனத்தில் இருந்தவர்க்கு அது ஒரு தொடர் மட்டுமே.

இவ்வளவு நுண்ணிய பின்னங்கள் எதற்கு என வினவலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேலி நிலத்தின் 52,42,88,00,000இல் ஒரு பங்கு அளவிலான பின்னம் வரை இறைக்கணக்கில் இடம்பெற்றதைக் கல்வெட்டறிஞர்கள் கணக்கிட்டுக் காட்டியுள்ளனர். 'கீழ்' என்னும் அடைமொழி அடுக்கி வருவதால் தோன்றும் அளவு அது. நிலத்தில் அப்பங்கு ஒரு மணலளவும் இராது. கணக்கில் விடுபடக் கூடாது என்பதற்காக அது எழுதப்பட்டது. 'இம்மியும் பிசகாமல்' எனும் வழக்கு இம்மரபின் எச்சம். இம்மி என்பது கீழ்முந்திரியின் இருபத்தொன்றில் ஒரு பங்கு, 21,50,400இல் ஒன்று. இன்று அத்தொடரை ஆள்வோர் எவரும் அவ்வெண்ணை நினைப்பதில்லை.

இவ்விரு பின்ன மரபுகளும் ஒரே அரண்மனையில் சந்தித்திருக்கின்றன என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1676 அளவில் வேங்கோஜி தொடங்கி 1855 வரை தஞ்சையை ஆண்ட மராட்டியரின் அலுவல்கள் மோடி எழுத்தில் மராத்தியில் எழுதப்பட்டன. அவர்தம் ஆட்சிக்குட்பட்ட ஊர்க் கணக்கர் தமிழில் எழுதினர். மோடி ஆவணங்களுள் ஒரு பகுதியைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் மொழிபெயர்த்து வெளியிட்டுள்ளது. அவற்றை அரசியல் வரலாற்றுக்கும் கலை வரலாற்றுக்கும் சான்றாக ஆண்டோர் பலர். ஊர்க் கணக்கின் மாவும் காணியும் அரண்மனைக் கணக்கின் பாவும் ஸவாவும் ஆக மாற்றி எழுதப்பட்ட முறையை ஆராய மராத்தியும் தமிழும் அறிந்த இளம் ஆய்வாளர் ஒருவர் முன்வந்தால், அது முனைவர்ப் பட்டத்திற்குப் போதுமான பொருளாகும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இரு மரபுகளும் ஒருசேர வீழ்ந்தன. 1956இல் எடை, அளவைத் தரப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்பிரல் முதல் நாள் ரூபாய் நூறு புதுக்காசுகளாயிற்று. அணா நீங்கியதும் பதினாறில் ஒன்றாகிய மாகாணிக்கும், நாலணாவைக் கணக்கிட்ட பாவ்கீக்கும் வேலை இல்லாமற் போயிற்று. எனினும் வீழ்ச்சியின் அளவு ஒன்றன்று. புனேச் சந்தையில் 'தீட் கிலோ', 'அடீச் கிலோ' என்னும் சொற்கள் உயிரோடு உள்ளன. பின்ன வாய்பாடுகளின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோரும் உளர். தமிழில் கால், அரை, முக்கால் தவிர ஏனைய யாவும் பேச்சிலிருந்து மறைந்துவிட்டன. அவற்றைக் காக்க வேண்டிய எண்சுவடிகளோ தஞ்சை சரசுவதி மகாலிலும் சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலும் கணிதம் என்னும் தலைப்பின்கீழ்ப் பட்டியலிடப்பட்டுக் கிடக்கின்றன. காரி நாயனாரின் கணக்கதிகாரத்தைச் சரசுவதி மகால் 1998இல் பதிப்பித்தது. அது செய்யுள் நூலாதலால் தமிழறிஞர் கண்ணில் பட்டது. எண்சுவடி செய்யுளும் அன்று, உரைநடையும் அன்று. ஆகவே நம் இலக்கிய வரலாறுகளில் அதற்கு ஓர் அத்தியாயம் இல்லை. ஓர் அடிக்குறிப்பும் அரிதே. பல தலைமுறைகளாகத் தமிழ்ச் சிறுவர் தம் வாயால் மிகுதியும் சொன்ன தமிழ்ப் பனுவல் அது என்று கூறின் மிகையாகாது.

இவ்வாய்வின் பொருட்டுப் புனேயில் தங்கியிருந்தபோது, கட்கிப் பகுதியில் மூன்று தலைமுறையாக வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தினரைக் காணும் வாய்ப்புக் கட்டுரையாளருக்குக் கிடைத்தது. வீட்டுச் சிறுமி மராத்திப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். மாலையில் அவள் மூன்றாம் வாய்பாடு சொல்ல, அடுப்படியிலிருந்து பாட்டி தமிழில் உடன் சொன்னார். 'தீன் ஸாத்தே' எனச் சிறுமி தொடங்கியதும் 'மூவேழு' என்றார் பாட்டி. சிறுமி 'ஏக்வீஸ்' என்றாள். பாட்டி 'இருபத்தொண்ணு' என்றார். "ரெண்டும் ஒண்ணுதானே, ஆயா?" எனச் சிறுமி கேட்டாள். "உனக்கு ஒண்ணு முதல்ல வருது, எனக்குக் கடைசியில வருது" என்றார் பாட்டி. பிறகு இருவரும் எட்டாம் அடிக்குச் சென்றனர்.